தானாகப் புளித்தால் ஆகும்

சுபஹு தொழுது எழும்பியதும் லெய்லா முதலில் செய்கிற வேலை, குசினித் தட்டில் இருக்கிற வினாகிரிப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து மூக்கடியில் பிடிப்பதுதான். பிடித்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுப்பாள். மூக்குத் துவாரம் இரண்டிலும் ஊசி ஏற்றினது போலக் குத்தும். கண் கலங்கித் தண்ணி கன்னத்தில் வடியும். ஆனால் மணம்? அது மட்டும் வராது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "இண்டைக்கும் இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கேத்தலை அடுப்பில் வைப்பாள்.

இதென்ன கூத்து, விடியக் காலையில் வினாகிரியை, வினிகரைத்தான் சொல்கிறேன், மோந்து பார்க்கிற மனுசி எங்கே இருக்கிறாள் என்று கேட்பீர்கள். புத்தளம் பக்கத்து ஆலங்குடாவில் இருக்கிறாள். அங்கே போய் வெறும் லெய்லா என்று கேட்டால் ஒருத்தருக்கும் விளங்காது. வினாகிரி லெய்லா என்று கேளுங்கள், சந்திக் கடையில் பீடி பற்ற வைக்கிறவன்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவான்.

அந்தப் பட்டம் சும்மா கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. ஒரு மாதம் கொதிக்க வைத்தால் கேத்தலுக்குள்ளே வெள்ளையாய் ஓடு பிடித்துவிடும். மற்றப் பெண்கள் கத்தியால் சுரண்டிச் சுரண்டிக் கேத்தலையே ஓட்டையாக்குவார்கள். லெய்லா ஒரு கோப்பை வினாகிரியை ஊற்றிக் கொதிக்க விட்டுக் கவிழ்த்தாளென்றால் ஓடு தானாகக் கழன்று விழும். எறும்பு வந்தால் வினாகிரி, யன்னல் கண்ணாடி மங்கினால் வினாகிரி, மீன் வெட்டின கைக்கும் பலகைக்கும் வினாகிரி. கடலில் குளித்த பிள்ளைக்குச் சொறிமீன் பட்டு உடம்பு தடித்தால் தாய்க்காரி ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இவள் வீட்டுக்குத்தான் ஓடி வருவாள். "றிஸ்லா பிறந்தப்போ தேனுக்குப் பதிலா வினாகிரியத்தான் நாக்கில தடவினாளாக்கும்" என்று ஊர்ப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். றிஸ்லா அவளுடைய ஒரே மகள்.

இவ்வளவும் அவளுக்குப் படிப்பித்தது ஒரு வேதக்காரப் பெண்பிள்ளை, யூஜீனியா. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கின கூட்டத்தில் லெய்லாவும் ஒருத்தி. கல்யாணம் கட்டி வருசம் திரும்பவில்லை. ஓலைக் கொட்டிலில் முகாம் வாழ்க்கை. குளிக்கத் தண்ணியில்லை, முட்டி வரைக்கும் கிடந்த தலைமுடி முழுக்கப் பேனும் ஈரும். மொட்டை அடி என்று சொன்னார்கள். வீடு போய்விட்டது, வளவு போய்விட்டது, இனி மயிரும் போகவேண்டுமா என்று அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில், தளவிலக் கோயில் பக்கமிருந்து பாண் ரொட்டி கொண்டுவந்து பங்கிட்ட யூஜீனியா குந்தினாள். "தங்கச்சி, உன்ர தலையில பேன் கொடியேத்தித் திருநாள் நடத்துது. வா இஞ்ச" என்று சொல்லி ஒரு போத்தல் வினாகிரியை ஊற்றி, ஈர் ஈராக உருவி எடுத்தாள். அன்றைக்கு அந்த மணத்தை முகர்ந்த லெய்லாவுக்கு மயிர் மிஞ்சியது. ஓர் அக்காவும் கிடைத்தாள்.

பிறகுதான் தெரிந்தது, அது தென்னங்கள்ளில் புளித்த வினாகிரி என்று. யூஜீனியா பிறந்தது சிலாபப் பக்கம். தகப்பன் மரம் சீவினவர். லெய்லாவுக்குப் பகீரென்றது. கள்ளைத் தலையில் ஊற்றிக்கொண்டா தொழுதேன்? புருசன் ஹயாத்து முகம்மது ஓடிப்போய் மௌலவியிடம் கேட்டான். மௌலவி சிரித்தாராம். "கள்ளு தானா வினாகிரியாத் திரும்பினா ஆகும். வெயிலுக்கு வைக்கலாம், நிழலுக்கு மாத்தலாம், அது பரவாயில்ல. வெங்காயம், உப்பு எண்டு ஏதாச்சும் உள்ள போட்டுத் திருப்பினாத்தான் ஆகாது" என்றார். இதை யூஜீனியாவிடம் கேட்க லெய்லாவுக்கு வெட்கம். கேட்டபோது அவள் கோபிக்கவில்லை. "மாதாவாண ஒண்டும் போடுறேல்ல. சாடியில ஊத்தி, துணி கட்டி, அதின்ர பாட்டில விட்டிடுவன். அதுக்கு எப்ப மனம் வருதோ அப்ப புளிக்கும்" என்றாள். அதன் பிறகு லெய்லா வீட்டில் வேறு வினாகிரி ஏறவில்லை.

ஹயாத்து முகம்மது கருவாட்டு வியாபாரி. கடற்கரையில் மீன் காயவைக்கிற வாடி வாடியாகப் போய்க் கருவாடு எடுத்துப் புத்தளத்துக்கும் பாலாவிக்கும் லொறியேற்றி அனுப்புகிற ஆள். நல்ல மனுசன், கையும் வாயும் சுத்தம். ஆனால் அந்த மணம்! கட்டாமீன் கருவாடு, பீடி, வியர்வை மூன்றும் சேர்ந்து அவன் படலையைத் திறக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிடும். முப்பது வருசமாக லெய்லா அந்த மணத்தோடு சண்டை பிடித்தாள். வாசலில் போட்ட சேட்டைக் கழற்று, உடுத்த சாரத்தைக் கழற்று, உள்ளே வராதே. கடைசி அலசுத் தண்ணியில் ஒரு கோப்பை வினாகிரி, பிறகு வெயில். "சந்தையில என்ன அச்சாறு எண்டுதான் கூப்பிடுறாங்க புள்ள" என்று அவன் முறைப்படுவான். "கருவாடு எண்டு கூப்பிடுறத விட அது மேல்" என்பாள் இவள். அதோடு அவன் வாய் மூடிவிடும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அந்தக் கொரோனாக் காய்ச்சல் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது. அவன் வாடியிலிருந்து வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவன்தான். இவளுக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்த நாள் அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி அம்புலன்ஸ் வந்தபோது, வேறு சேட்டைப் போட்டுவிட்டுக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனாள். படலையடியில் நின்று ஆணியைக் காட்டினான். "அதக் கழுவாத புள்ள. காய்ச்சலோட பச்சத் தண்ணியில கை வைக்காத. நான் வந்து பாத்துக்குவன்" என்றான்.

வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மவுத்துச் செய்தி வந்தபோது லெய்லா கேத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். டெலிபோனைக் கேட்டாள், வைத்தாள், கேத்தலைத் திரும்ப இரண்டு தண்ணியில் அலசினாள். ஜனாஸாவைக் காட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். றிஸ்லாவின் மாப்பிள்ளை மட்டும் கூடப் போய்விட்டு வந்து, "நல்ல மண் மாமி" என்றான். அவ்வளவுதான். புத்தளம் எங்கே, ஓட்டமாவடி எங்கே! நாட்டின் ஒரு கரையில் வாழ்ந்தவன் மற்றக் கரைப் பக்கம் போய்ப் படுத்துவிட்டான்.

லெய்லாவின் காய்ச்சல் இறங்கினது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. ஆணியில் தொங்கின சேட்டை எடுத்து முகத்தில் பொத்திப் பார்த்தாள். துணி, அவ்வளவுதான். சொரசொரவென்று கன்னத்தில் பட்டது, வேறொன்றுமில்லை. அலுமாரியில் இருந்த அவனுடைய மற்ற உடுப்பெல்லாம் இவள் கையால் வினாகிரித் தண்ணி கண்டவை. முப்பது வருசத்தில் இவளிடமிருந்து தப்பினது இந்த ஒரு சேட்டுத்தான். அவன் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்கக் கிடைக்கவில்லை, கையைத் தொடக் கிடைக்கவில்லை. இதாவது இருக்கட்டும். மூக்கு வருகிற அன்றைக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம் மோந்து பார்க்கவேண்டும். ஷொப்பிங் பேக்கில் போட்டு இறுக்க முடிந்து அலுமாரியின் அடித்தட்டில் தள்ளிவைத்தாள். விடியற்காலையில் வினாகிரிப் போத்தலைத் தூக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வினாகிரி மணக்காத மூக்குக்கு வேறென்ன மணக்கப் போகிறது?

இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள், வெள்ளை உடுத்து, வீட்டை விட்டு இறங்காமல். அத்தர் பூசக்கூடாது, வாசனைச் சவர்க்காரம் ஆகாது என்று சொன்னார்கள். "எனக்கெதுக்கு அந்தச் சட்டம்? படைச்ச றப்பே மூக்கப் புடுங்கிட்டானே" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் அழவும் இல்லை. அதுதான் ஊருக்குப் பெரிய குறை. கட்டுப்பாடு தளர்ந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். இவள் மரக்கட்டையாய் இருந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பல்லுப் பிடுங்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி. கிள்ளினால் கிள்ளுகிறது தெரியும், நோவு தெரியாது. புருசனுடைய தங்கச்சி, லெய்லாவுக்கு மதினி, அவளால் இதைத் தாங்க முடியவில்லை. "எண்ட காக்காக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே" என்று ஆளாளுக்குச் சொல்லித் திரிந்தாள். காக்கா என்று அவள் கூப்பிடுகிற அண்ணனின் குரலை டெலிபோனில் பிடித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து காதடியில் போட்டாள். "கட்டாவ வெயில்ல போடுங்கடா" என்று ஹயாத்து முகம்மது கத்தினான். லெய்லா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சத்தம் நல்லாத் தெளிவா இருக்கு மதினி" என்றாள்.

ஒருநாள் விடிய வந்த மதினி, குசினியில் லெய்லா போத்தலும் கையுமாய்க் கண்ணீர் வடிய நிற்கிறதைக் கண்டுவிட்டாள். "அழுதியா புள்ள?" என்று ஆசையாய்க் கேட்டாள். "இல்ல மதினி, வினாகிரி." உண்மையைச் சொன்னால் இதுதான் கதி. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது: வினாகிரி லெய்லா கண்ணுக்கு வினாகிரி காட்டி அழுது நடிக்கிறாளாம்! உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? புருசனைப் பறிகொடுத்தவள் எப்படி அழவேண்டும் என்று இந்த ஊரில் ஆளுக்கொரு அளவுக்கோப்பை வைத்திருக்கிறார்கள், நாசமாய்ப் போவார்கள்.

யூஜீனியாவிடம் மட்டும்தான் சேட்டு விசயத்தை லெய்லா சொன்னாள். றிஸ்லாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "இவ்வளவு காலமும் அந்த மனுசன நாறுது நாறுது எண்டு வாசல்ல நிக்க வச்சன். இப்ப அந்த நாத்தம்தான் வேணும் எண்டு புள்ளைக்கிட்ட எப்பிடிச் சொல்றது அக்கா?" என்று கேட்டாள். யூஜீனியா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள். அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்து மூக்கு போய்த் திரும்பியிருந்தது.

"வரும். பையை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துப் பாக்காத, காத்துப் பட்டாப் போயிடும்" என்றாள். பிறகு, "அழேல்ல எண்டு அவளவை சொல்லுறதையும் தலையில போடாத. உங்கட மௌலவி என்ன சொன்னவர்? தானாப் புளிச்சாத்தானே ஆகும். இவளவை வெங்காயம் போட்டுப் புளிக்க வைக்கப் பாக்கிறாளவை. விடு" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு லெய்லா அன்றைக்குத்தான் ஒரு பிடி சோறு கூடத் தின்றாள்.

இத்தாவுக்குத் தாயோடு தங்க வந்திருந்த றிஸ்லாவுக்கு நாய் மூக்கு. "அலுமாரிக்குள்ள என்னமோ நாறுது உம்மா" என்று தொடங்கினாள். லெய்லாவுக்கு அதைக் கேட்கிற நேரம் மட்டும் முகத்தில் ஓர் உயிர் வரும். "எப்பிடி நாறுது?" என்று கேட்பாள்.

"கருவாடு மாதிரி. பழைய வேர்வை மாதிரி."

"பீடி மணக்குதா?"

"ஓம், அதும்தான். சீ! தேடிப் பாக்கவா?"

"வேணாம், கிடக்கட்டும்" என்பாள் லெய்லா. அடுத்த நாள் திரும்பவும் அவளே கேட்பாள், "அலுமாரி இன்னும் நாறுதா மகள்?" என்று. இன்னும் நாறுது என்று றிஸ்லா சொன்னால்தான் அவளுக்கு அன்றைய பொழுது போகும். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பாவம், உம்மாவுக்கு நாற்றம் பெரிய கவலை போல, வாழ்நாள் முழுக்க மணத்தோடு மல்லுக்கட்டின மனுசி, இப்போது மூக்கில்லாமல் தவிக்கிறா என்று நினைத்துக்கொண்டாள்.

இத்தா கழிகிற நாள் வந்தது. அன்றைக்கு லெய்லா குளித்துப் புது உடுப்பு உடுத்தவேண்டும், நாலு பேருக்குச் சோறு கொடுக்கவேண்டும், மவுத்தானவருடைய உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும். சோற்றுக்கு அச்சாறு போடப் புது வினாகிரி கொண்டுவருவதாக யூஜீனியா சொல்லியிருந்தாள்.

சுபஹு முடித்து வழக்கம்போல லெய்லா போத்தலைத் தூக்கினாள். இழுத்தாள். குத்தியது. குத்தினதுக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில் ஒருத்தர் கூப்பிடுகிற மாதிரி, ஒரு புளிப்பு. திரும்ப இழுத்தாள். புளிப்பு, அதற்குள் கள்ளின் இனிப்பு, அதற்குள் சாடியின் மண். போத்தலைத் தட்டில் வைத்தாள். கோப்பித் தகரத்தைத் திறந்து மோந்தாள். கோப்பி! வெங்காயத்தை நகத்தால் கீறினாள். வெங்காயம்! மண்ணெண்ணெய்ப் போத்தலைக்கூட விடவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு அறைக்கு ஓடினாள். நாலு மாதமாகக் காலை இழுத்து நடந்தவள் ஓடினாள்.

அலுமாரியின் அவனுடைய தட்டெல்லாம் வெறுமையாய்க் கிடந்தது. அடித்தட்டில் கையை விட்டுத் துழாவினாள். பை இல்லை. அலுமாரி துடைத்துத் துப்புரவாய் இருந்தது. உள்ளே வினாகிரி மணந்தது.

வெளியே றிஸ்லா பாயை விரித்து வாப்பாவின் உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்வளவுக் கொடியில் அந்தச் சேட்டு ஒன்று மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. லெய்லா போய் அதை இழுத்து எடுத்து முகத்தில் பொத்தினாள். வெயில். சவர்க்காரம். மெல்லிசாய் வினாகிரி. கொலரில் தேடினாள், கக்கத்தில் தேடினாள், பீடிக்கட்டு வைக்கிற பையைப் புரட்டி அதற்குள் மூக்கை வைத்துத் தேடினாள். கருவாடும் இல்லை, பீடியும் இல்லை, மனுசனும் இல்லை.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?" றிஸ்லா சிரித்துக்கொண்டு வந்தாள். "அந்த நாத்தம் இதிலதான் உம்மா. பையில போட்டு முடிஞ்சபடி கிடந்தது, எப்பவோ மறந்திருப்பீங்க. ஏழைக்குக் குடுக்கிற உடுப்ப நாத்தத்தோட குடுக்க ஏலாதே. முந்தநாள் ராவே ஊற வச்சன். முதல்ல வினாகிரி, பிறகு சவர்க்காரம், கடைசித் தண்ணியிலயும் வினாகிரி, பிறகு ஒரு பகல் முழுக்க வெயில். நீங்க சொல்லித் தந்த அதே மாதிரி. மோந்து பாருங்க... ஓ, உங்களுக்கு எங்க." சொல்லிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் உம்மா? மூக்கு வந்திட்டா?"

மகளின் விரல் நுனியெல்லாம் தோய்த்துத் தோய்த்து வெளுத்துப் போயிருந்தது. வாப்பாவின் உடுப்பை நாற்றத்தோடு ஒருத்தன் உடுக்கக்கூடாது என்று ராத்திரியில் ஊறவைத்த பிள்ளை. இதை இப்போது சொன்னால் வாழ்நாள் முழுக்க அவள் தன் கையை மன்னிப்பாளா?

"இல்ல மகள்" என்றாள் லெய்லா. "இன்னும் வரல்ல."

"இன்ஷா அல்லாஹ் வரும். அதத் தாங்க, பொதியில வைக்க."

லெய்லா சேட்டைக் கொடுத்தாள். ஒரு கணம் விரல் விடவில்லை, பிறகு விட்டது. "நல்லாக் கழுவியிருக்கிறாய்" என்றாள். றிஸ்லாவுக்கு முகம் மலர்ந்தது. கொலரை நீவி, கையை மடித்து, வாப்பாவின் மற்றச் சேட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குசினி வாசலால் யூஜீனியா வந்தாள், புது வினாகிரிப் போத்தலோடு. கொடி வெறுமையாய் இருப்பதையும் பாயில் பொதி இருப்பதையும் பார்த்தாள். லெய்லாவின் முகத்தைப் பார்த்தாள். போத்தலை அவள் கையில் வைத்தாள். லெய்லா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு நிற்க ஏலாமல்.

சோற்று வேலைக்கு வந்த மதினி எட்டிப் பார்த்தாள். "என்ன புள்ள கண்ணெல்லாம்?"

"வினாகிரி மதினி."

"இண்டைக்குமா!" என்று மதினி முகத்தைச் சுளித்தாள். றிஸ்லாவும் எட்டிப் பார்த்து, "உம்மா, இத்தா முடிஞ்ச நாள்லயாச்சும் அந்தப் போத்தல விடுங்களேன்" என்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் பொதியைக் கட்டினாள். இந்த முறை எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

யூஜீனியா மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லெய்லா கையில் இருந்த போத்தலுக்குத் தக்கை அடைத்து மெழுகு ஊற்றினவள் அவள்தான். அந்த மெழுகு இன்னும் உடையவில்லை.